தவுக்கே மண்டியிட்டால்

ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு உலகம் முடிந்துவிடும் என்பது எனக்கு அதற்கு மூன்று நாள் முன்பே தெரிந்துவிட்டது. பினாங்கில் வேறு யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று. எதிர்ச்சாரியில் சீனக் கிழவி வழக்கம்போல் அவித்த கடலை விற்றாள். துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பா, கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய் வந்தார். எட்டு வயதுப் பெண்ணான எனக்கு மட்டும் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் பெரியப்பா கொண்டுவந்த படம்தான்.

பெரியப்பா அப்பாவுக்கு அண்ணன். திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் பண்ணுகிறவர். ஈப்போ பக்கத்துத் தோட்டங்களில் கூட்டம் நடத்த அவரை வரவழைத்திருந்தார்கள். போகிற வழியில் தம்பி வீட்டில் சில வாரம் தங்க வந்தார். தகரப் பெட்டியில் அவர் கொண்டுவந்தவை இரண்டு வேட்டி, ஒரு வேதபுத்தகம், சுருட்டிக் கட்டிய ஒரு நீளத் துணி. வந்த அன்றே அந்தத் துணியை எங்கள் முன்னறையில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். சுவரே காணாமல் போய்விட்டது. ஆதாம் ஏவாளில் தொடங்கி உலகத்தின் முடிவு வரை, மனிதகுலத்துக்கு நடந்ததும் நடக்கப்போவதும் அதில் கட்டம் கட்டமாக வரையப்பட்டிருந்தன. நோவாவின் பேழை எனக்குப் பிடித்திருந்தது. வலது ஓரத்துக் கட்டங்கள் பிடிக்கவில்லை.

அங்கே முதலில் நீளத் தாடி வைத்த ஒரு யூதர் சிலுவையின் முன் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தார். அடுத்த கட்டத்தில் ஒரு தேவதூதன் கன்னம் உப்ப எக்காளம் ஊதினான். அதற்கடுத்ததில் இரண்டு பெண்கள் திரிகையில் மாவு அரைத்தார்கள். ஒருத்தி உட்கார்ந்த இடத்திலிருந்து அப்படியே எழும்பி மேகத்துக்குள் போய்க்கொண்டிருக்க, மற்றவள் திரிகைப் பிடியை விடாமல் அண்ணாந்து பார்த்தாள். மேகத்துக்கு மேல் ஏற்கெனவே ஒரு கூட்டம் நின்றது. எழும்பினவள் வெள்ளைச் சேலை கட்டி, நகை இல்லாமல், வெறும் நெற்றியோடு இருந்தாள். விடப்பட்டவளுக்கு மூக்குத்தி, தலையில் பூ, நெற்றியில் பெரிதாகக் குங்குமம். வரைந்தவருக்கு இந்த விஷயத்தில் சந்தேகம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் குங்குமம் வைத்தவர் அம்மா ஒருவர்தான்.

அம்மா கிறிஸ்தவர் இல்லை. தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டு வளர்ந்தவர். அப்பா அவரைக் கட்டிக்கொண்டபோது இரண்டு பக்கத்திலும் பெரிய ரகளை நடந்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் எல்லாம் ஓய்ந்து போயிருந்தது. ஞாயிறுதோறும் அம்மா எங்களோடு ஆலயத்துக்கு வருவார். உள்ளே வரமாட்டார். முற்றத்து மரத்தடியில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். ஆராதனை முடிந்து நாங்கள் வெளியே வந்ததும் எல்லாரும் சேர்ந்து வீட்டுக்குப் போவோம். ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளச் சொல்லி யாராவது பேச்செடுத்தால், அடுப்பில் ஏதோ கொதிக்கிறது என்று எழுந்து போய்விடுவார். ஆலய முற்றத்தில் அடுப்பு ஏது என்று கேட்க யாருக்கும் தைரியம் இருந்ததில்லை.

படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். பெரியப்பாவிடமே கேட்டேன்.

"பெரியப்பா, எக்காளம் எப்ப ஊதும்?"

"அவங்க மனந்திரும்பணும்ட்டி" என்று தாடிக்காரரைத் தொட்டுக் காட்டினார். "இப்ப அவங்க கண்ணுல ஒரு திரை கிடக்கு. ஒருநாள் அது விலகும். வேண்டாம்னு தள்ளினவரை அவங்களே பார்த்து அழுவாங்க. ஒடிஞ்ச கிளையை ஆண்டவர் அதே மரத்துல திரும்ப ஒட்டுவாரு. வேதத்துல உள்ளது, மாறாது. அந்தச் சனம் இரட்சிக்கப்பட்டுட்டா அப்புறம் பாக்கி ஒண்ணும் இல்ல. எக்காளந்தான்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. யூதர்கள் பார்வோனையும் கோலியாத்தையும் போல வேதபுத்தகத்துக்குள் வசிப்பவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அவர்கள் அங்கிருந்து வெளியே வந்து மனந்திரும்பி முடிப்பதற்குள் அம்மாவை எப்படியாவது சரிக்கட்டிவிடலாம்.

மறுநாள் மத்தியானம் அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். "அண்ணே, யூதர்னதும் ஞாபகம் வருது. பக்கத்து ரோட்டுலயே ஒருத்தர் கடை வச்சிருக்காரு. தங்கமான மனுஷன்."

பெரியப்பாவின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது.

அவரை எனக்கும் தெரியும். பழைய நாற்காலி, மேசை, அலமாரிகளை வாங்கி மெருகேற்றி விற்பவர். சிவப்புக் குஞ்சத் தொப்பியும் வெள்ளைத் தாடியுமாகக் கடை வாசலில் உட்கார்ந்திருப்பார். பாக்தாத்திலிருந்து வந்த குடும்பம், மனைவி இறந்து தனியாக இருந்தார். மற்ற கடை முதலாளிகளைப் போல அவரையும் தவுக்கே என்றே எல்லாரும் கூப்பிடுவோம். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், நெருப்பு மூட்டக் கூடாது. அதனால் சனிக்கிழமை காலைகளில் அம்மா போய் அவருடைய கரியடுப்பைப் பற்றவைத்துத் தேத்தண்ணிக்குப் பானை ஏற்றிவிட்டு வருவார். அவர் மனைவி இருந்த காலத்திலிருந்து நடக்கிற பழக்கம் அது. அவர் வாய் திறந்து கேட்டதும் இல்லை, அம்மா மறந்ததும் இல்லை. இத்தனை பழகியும், உலகத்தின் முடிவு இவர் கையில்தான் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அன்று சாயங்காலமே அப்பாவைக் கூட்டிக்கொண்டு பெரியப்பா அந்தக் கடைக்குப் போனார். அவருக்கு மலாய் தெரியாது, தவுக்கேக்குத் தமிழ் தெரியாது. அப்பாதான் நடுவில் நின்று மாற்றிச் சொல்ல வேண்டும். கடை வாசலில் பெரியப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்ததைத் தெருவே வேடிக்கை பார்த்தது. ஆயுள் முழுவதும் இஸ்ரவேலரைப் பற்றிப் பிரசங்கம் பண்ணியவர் அப்போதுதான் முதல்முறையாக ஓர் இஸ்ரவேலரைக் கண்ணால் பார்க்கிறார். ஆபிரகாமின் பேரப்பிள்ளை ஒருவர் முக்காலிக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருக்கிறார். பெரியப்பாவின் கண்கள் நிறைந்துவிட்டன என்று அப்பா வீட்டில் வந்து சொன்னார். அந்தக் கண்ணீரில் பொய் கிடையாது. ராத்திரி ஜெபத்தில் எங்கள் எல்லாருடைய பெயருக்கும் முன்னால் தவுக்கேயைச் சொல்லித்தான் அழுதார்.

தினமும் போனார்கள். தினமும் பெரியப்பா முகம் பிரகாசமாகிக்கொண்டு வந்தது. "யோசிக்காராம்" என்றார் ஒருநாள். "மனசு இளகுது" என்றார் மறுநாள். வியாழக்கிழமை படியேறும்போதே சத்தம் கேட்டது.

"வாரேன்னுட்டாரு! ஞாயித்துக்கிழமை ஆலயத்துக்கு வாரேன்னுட்டாரு! அறுப்பின் பண்டிகை அன்னிக்கு முதற்பலனே வருது பாத்தியா!"

அப்பா பின்னால் தலையைக் குனிந்தபடி வந்தார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அறுப்பின் பண்டிகை என்பது ஊரில் வயல் அறுத்தவர்கள் தானியத்தைக் கொண்டுவந்து படைக்கிற நாள். பினாங்கில் அறுக்க ஒரு சாண் வயல்கூட இல்லாத கிராணிமார்கள் பாசாரில் வாங்கிய பூசணிக்காய், உயிர்க்கோழி, வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த கட்டில், நாற்காலி என்று எதையாவது கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் நடக்கும். வருஷத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள் அது. அந்த வருஷம் அது வரவே கூடாது என்று இருந்தது.

எண்ணிப் பார்த்தால் நாளே இல்லை. நேராக அம்மாவிடம் போனேன்.

"அம்மா, நீ ஞானஸ்நானம் எடுத்துக்கம்மா. ஞாயித்துக்கிழமைக்குள்ள."

"ஏன், அன்னிக்கோட தண்ணி தீர்ந்துடுமா?"

அம்மா சிரித்துவிட்டு உளுந்து ஆட்ட உட்கார்ந்தார். நானும் ஒட்டி உட்கார்ந்து அவருடைய முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டேன். எழும்பினால் இருவரும் எழும்ப வேண்டும், இல்லாவிட்டால் இருவரும் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. இரண்டு நாள் இப்படியே அவர் பின்னாலேயே அலைந்தேன். கிணற்றடிக்குப் போனாலும் போனேன், பாசாருக்குப் போனாலும் போனேன்.

"என்னடி இது, கன்னுக்குட்டி மாதிரி? போய் விளையாடு."

என்னால் முடியவில்லை. அம்மாவிடம் காரணம் சொல்லவும் நாக்கு எழவில்லை. 'நீ விடப்படுவாய்' என்று பெற்ற தாயின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை காலையில் அம்மா நெருப்புப்பெட்டியை எடுத்துக்கொண்டு தவுக்கே வீட்டுக்குப் புறப்பட்டபோது நானும் கூடப் போனேன். அம்மா பின்கட்டில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். தவுக்கே மூடிய கடைக்குள் ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் பேசுகிற பாசார் மலாயில் அவரிடம் போய்ச் சொன்னேன்.

"தவுக்கே, நாளைக்கு நீங்க ஆலயத்துக்கு வராதீங்க."

"ஏன்லா? உன் அப்பாகிட்ட வர்றேன்னு சொல்லிட்டேனே."

"நீங்க வந்து மண்டி போட்டா எக்காளம் ஊதும். எல்லாரும் மேல போயிடுவாங்க. எங்க அம்மா மட்டும் போக முடியாது."

அவர் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தான் எதற்கு மண்டியிட வேண்டும் என்று கேட்டார். தாடிக்காரர், தேவதூதன், திரிகை, குங்குமம், மேகத்துக்கு மேல் நிற்பவர்கள் என்று படம் முழுவதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. முதலில் அவர் தாடிக்குள் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"உன் பெரியப்பா தினமும் வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு அழுததெல்லாம் இதுக்குத்தானா?"

"ஆமா. நீங்க நல்லா இருக்கணும்னு அவருக்கு ஆசை."

"தெரியுதுலா. கெட்ட மனுஷன் இல்ல." நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டே கேட்டார். "அந்தப் படத்துல என் வீட்டுக்காரி இருக்காளா?"

அவர் மனைவியை எனக்கு நினைவிருந்தது. பருமனான அம்மாள், எங்களுக்கு எள்ளுருண்டை கொடுப்பவர். யூதர் ரோட்டில் உள்ள அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணியிருந்தார்கள். படத்தை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.

"இல்ல" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. உள்ளே அடுப்பு ஊதுகிற சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். வழி நெடுக என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிரம்பி வழிந்தது. விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பெரியப்பாதான் அன்றைக்குப் பிரசங்கம். முன்வரிசையில் நடுநாயகமாக ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே அம்மா பெஞ்சில், காலில் கயிறு கட்டிய கோழிகளுக்கும் பூசணிக்காய்களுக்கும் நடுவில் இருந்தார். வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வராதே, வராதே என்று ஜெபம் பண்ணினேன். ஆலயத்துக்குள் உட்கார்ந்து ஒருவர் வரக் கூடாது என்று ஜெபித்தவள் அன்று நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிரசங்கத்தின் நடுவில் தவுக்கே முற்றத்துக்குள் வந்தார். நீள அங்கி, சிவப்புத் தொப்பி, கையில் தடி. படத்தில் இருந்தவர் சுவரைவிட்டு இறங்கி நடந்து வருவது போலவே இருந்தது. பெரியப்பா பேச்சை நிறுத்தினார். மேடையிலிருந்து இறங்கி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். சபையார் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். தவுக்கே முற்றத்தைத் தாண்டி, படிக்குப் பக்கத்தில் வந்தார். தடியைப் படியில் ஊன்றினார்.

நான் ஓடினேன். பெரியப்பாவின் கைக்கு அடியில் புகுந்து, தவுக்கேயைக் கடந்து, மரத்தடிக்குப் போய் அம்மாவின் மேல் விழுந்து சேலையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து ஊதியது.

துறைமுகத்தில் கப்பல் சங்கு தினமும்தான் ஊதும். பிறந்ததிலிருந்து கேட்கிறேன். அன்றைக்கு அது கப்பல் இல்லை. நீளமாக, அடிவயிற்றில் அதிர்கிற மாதிரி ஊதியது. கண்களை இறுக மூடிக்கொண்டு, "நானும் இங்கயே இருக்கேன், நானும் இங்கயே இருக்கேன்" என்று கத்தினேன். கோழிகள் பயந்து சிறகடித்தன. அம்மாவின் கை என் முதுகைச் சுற்றி இறுகியது.

சத்தம் ஓய்ந்து கண்ணைத் திறந்தபோது அம்மா இருந்தார். நானும் இருந்தேன். ஆலய வாசலில் பெரியப்பாவும் கையை விரித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார். அவரும் விடப்பட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

தவுக்கே என்னைப் பார்த்தார். பிறகு ஊன்றிய தடியைப் படியிலிருந்து எடுத்துக்கொண்டு மெதுவாக வந்து எங்கள் பெஞ்சிலேயே, அம்மாவிடமிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அம்மா ஒரு பூசணிக்காயை நகர்த்தி அவருக்கு இடம் விட்டார்.

அப்பா வெளியே வந்தார். என் நினைவில் அப்பா சத்தம் போட்டுப் பேசியதே இல்லை. அன்றும் மெல்லத்தான் பேசினார், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"அண்ணே, அவர் ஏலத்துக்கு வந்திருக்காருண்ணே. பழைய சாமான் இருக்குன்னு நான்தான் கூப்பிட்டேன். நீங்க சொன்னதை நான் ஒருநாளும் அப்படியே சொல்லல. நீங்க இரட்சிப்பைப் பத்திப் பேசுவீங்க, நான் அவருக்கு முட்டி வலி எப்படி இருக்குன்னு கேட்பேன். ஒரு மனுஷன் வாசல்ல நின்னு, நீ வழிதப்பிப் போனவன்னு சொல்ல எனக்கு வாய் வரலண்ணே."

பெரியப்பாவின் கைகள் கீழே இறங்கின. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தம்பியையும், பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய், பிரசங்கத்தை விட்ட இடத்தில் தொடராமல் ஜெபத்தோடு முடித்துவிட்டார். ஏலம் நடந்தது. தவுக்கே ஒரு கால் உடைந்த கட்டிலை எடுத்துக்கொண்டு போனார். கூட்டம் கலைகிற வரை பெரியப்பா வெளியே வரவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் தலைவலி என்று பின்னறையில் போய்ப் படுத்துக்கொண்டார். அப்பா முன்னறையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு மட்டும் அகோரப் பசி. மூன்று நாளைக்குப் பிறகு சோறு தொண்டையில் தடையில்லாமல் இறங்கியது. உலகம் இருந்தது, அம்மாவும் இருந்தார்.

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"நீதான் அந்தப் படத்தைக் கரைச்சுக் குடிச்சவளாச்சே. மேகத்துக்கு மேல நிக்கறாங்கன்னியே, அங்க உங்க தாத்தா இருக்காரான்னு பார்த்துச் சொல்லு."

அம்மாவின் அப்பாவை நான் பார்த்ததில்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்து, தாயில்லாத அம்மாவைத் தனியாளாக வளர்த்தவர். தைப்பூசத்துக்குத் தவறாமல் காவடி எடுத்தவர். நான் பிறப்பதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார்.

"எப்படி இருப்பாரு?"

"கறுப்பா, பெரிய மீசை வச்சு. விபூதி பூசியிருப்பாரு. தோள்ல மூட்டை சுமந்த காய்ப்பு இருக்கும்."

பொறுப்பான வேலை கிடைத்ததில் எனக்கு ஒரே உற்சாகம். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மேகத்துக்கு மேலே நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். எல்லாரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். மீசைக்காரர்கள் சிலர் இருந்தார்கள், விபூதி பூசியவர் இல்லை. மூட்டை சுமந்த தோள் எதுவும் இல்லை. ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்று மறுபடியும் பார்த்தேன்.

"இல்லம்மா" என்று அங்கிருந்தே கூவினேன். "நல்லாப் பார்த்துட்டேன். தாத்தா அங்க இல்ல."

"சரிம்மா, அவர் இருக்கற இடமே எனக்கும் போதும். இறங்கி வா, விழுந்துடாத" என்றார் அம்மா. முறம் மறுபடி ஆடத் தொடங்கியது.

நாற்காலியிலிருந்து இறங்கியவளை அப்பா கையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். என் தலைமேல் மோவாயை ஊன்றிக்கொண்டார். மூச்சு முட்டும்படி அணைத்துக்கொண்டு, அம்மா இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் நான் ஓடி விழுந்ததில் பயந்துபோய்விட்டார் என்று நினைத்தேன். பெரியவர்கள் எங்களைத் தேற்றுவது போல அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

"அதான் உலகம் முடியலையேப்பா, அப்புறம் எதுக்குப் பயப்படுறீங்க?"

எனக்குத் தெரிந்த ஒரே பயம் தீர்ந்துவிட்டதால், வீட்டில் வேறு யாருக்கும் பயப்பட எதுவும் இல்லை என்றே நான் நம்பினேன்.